காக்கும் பாக்டீரியா உள்ளே இருந்தால் நோய்க்கிருமி இன்னும் கொடியதாகாதா?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். வகுப்புக் கருத்தரங்கில் எனக்கு வந்திருக்கும் தலைப்பு: ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்துகொண்டு அதை நோயிலிருந்து காக்கும் நுண்ணுயிர்களும் அந்த உயிரும் சேர்ந்து எப்படிப் பரிணமிக்கின்றன. படித்துக்கொண்டு போகும்போது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

போன பருவத்தில் மாரெக் நோயைப் படித்தோம். கோழிகளுக்கு வரும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் நோய். தடுப்பூசி போட்ட கோழி சாகாது, ஆனால் வைரஸ் அதன் உடம்பில் பெருகி வெளியே பரவிக்கொண்டே இருக்கும். தடுப்பூசி இல்லாத காலத்தில், கோழியைப் பத்து நாளில் கொல்லும் ரகம் பரவ நேரம் கிடைக்காமல் கோழியோடு சேர்ந்து ஒழிந்துபோகும். தடுப்பூசிக் கோழி பிழைத்துக் கிடப்பதால் அந்தக் கொடிய ரகமும் பிழைத்துக்கொள்கிறது. ஆண்ட்ரூ ரீட் குழுவினர் 2015இல் கோழிகளை வைத்தே இதைக் காட்டினார்கள்.

என் சந்தேகம் இதுதான். காக்கும் பாக்டீரியா செய்வதும் இதே வேலைதானே? நோய் முழுக்கப் போகவில்லை, ஓம்புயிர் (கிருமியை உடம்பில் சுமக்கும் உயிர்) மட்டும் பிழைக்கிறது. அப்படியானால் இங்கும் கொடிய ரகங்கள்தான் தேர்வாக வேண்டும். ஆனால் நூற்புழுவில் செய்த ஒரு சோதனையில் நோய்க்கிருமியின் வீரியம் குறைந்தது என்று போட்டிருக்கிறது. எது சரி?

கூடவே ஒரு சின்னக் கேள்வி: பாக்டீரியாவுக்கு இதில் என்ன லாபம்? இன்னொன்று, இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் ஏன் எல்லா உயிரிடமும் இல்லை?

சும்மா ஒருவன்:

எனக்குப் பதில் தெரியாது. யாராவது எழுதினால் படிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தட்டுக்கழுவி:

நீங்கள் சின்னக் கேள்வி என்று எழுதியதுதான் பெரிய கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மாரெக் சிக்கல் தானாக அவிழும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தது இதே நூற்புழுவோடுதான், சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீங்கள் சொல்லும் சோதனை நடந்த ஆய்வகத்தில் இல்லை. வேறு இடம், வேறு கேள்வி. (அங்கே என் பெரும்பாலான உழைப்பு என்ன என்பதை என் பெயரே சொல்லும்.) ஒரு மில்லிமீட்டர்தான் நீளம். உடம்பு முழுக்க ஒளி ஊடுருவும் என்பதால், தொண்டைக்குப் பின்னால் குடல் ஒரே குழாயாக வால் வரை ஓடுவதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். அகார் தட்டில் பாக்டீரியாவைப் பூசிவிட்டால் அதையே மேய்ந்துகொண்டு நெளியும். தின்னும் பாக்டீரியாவில் பெரும்பகுதி தொண்டையிலேயே அரைபட்டுவிடும். தப்பித்த சில செல்கள் உயிரோடு குடலுக்குள் போய்த் தங்கும்.

நீங்கள் சொல்லும் சோதனையின் நோய்க்கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதைத் தின்ற புழுவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முதலில் மந்தமாகும். மேய்வது குறையும். கடைசியில் வளைவே இல்லாமல் நேராக விறைத்துக் கிடக்கும். செத்துவிட்டதா என்று பார்க்க பிளாட்டினம் கம்பி நுனியால் மெல்லத் தொட வேண்டும். தலையை லேசாக ஆட்டினால் கூட உயிர் இருக்கிறது என்றுதான் கணக்கு. வரிசை வரிசையாகத் தட்டு வைத்துக்கொண்டு இதையே செய்வது என்பது வேறு எதற்கும் லாயக்கில்லாத அளவு பொறுமை வளர்க்கும் வேலை.

இந்தப் புழுவுக்கு இரண்டு வசதி உண்டு. முட்டை சுமக்கும் புழுக்களை வெளுப்பான் கலந்த கரைசலில் போட்டால் உடம்பு கரைந்துபோகும். ஓடு இருப்பதால் முட்டை மட்டும் தப்பும். அதிலிருந்து வரும் குஞ்சுக்குள் ஒரு பாக்டீரியா கூட இருக்காது. இன்னொன்று, புழுவை உறைய வைத்து எப்போது வேண்டுமானாலும் உயிர்ப்பிக்கலாம். அதனால் பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாக மாறவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே பழைய புழுவைக் கொடுக்க முடியும். யாரை மாறவிடுவது, யாரை நிறுத்தி வைப்பது என்பது நம் கையில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கைலா கிங்கும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட சோதனை இது. புழுக்குடலில் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவைக் குடியேற்றினார்கள். இது ஒன்றும் உத்தமன் இல்லை; தனியாக இருந்தால் புழுவுக்குக் கொஞ்சம் கெடுதல்தான் செய்யும். அதன் மேல் ஸ்டஃபைலோகாக்கஸையும் விட்டார்கள். புழுக்குள்ளிருந்து ஃபீகாலிஸை எடுத்து அடுத்த புழுத் தொகுதிக்குக் கொடுத்து, திரும்ப எடுத்து, திரும்பக் கொடுத்து என்று ஓட்டினார்கள். சீக்கிரமே ஃபீகாலிஸ் மாறிவிட்டது. மாறிய ஃபீகாலிஸ் இருக்கும் புழுக்கள், ஸ்டஃபைலோகாக்கஸ் தாக்கியும் முன்னைவிட அதிகமாகப் பிழைத்தன. காரணத்தைத் தேடிப் பார்த்தால், அது சூப்பர் ஆக்சைடு போன்ற, ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் வினைமிகு மூலக்கூறுகளை முன்னைவிட அதிகமாகக் கக்குகிறது. அது ஸ்டஃபைலோகாக்கஸுக்கு ஆகாது.

ஃபீகாலிஸுக்குப் புழு மேல் பாசமா? வாடகைக்கு இருப்பவன் திருடனை விரட்டினால் அது வீட்டுக்காரருக்காக இல்லை, தன் பெட்டி உள்ளே இருக்கிறது. இடமும் உணவும் குறைவான குடலில் எதிராளி பெருகினால் தனக்கு நட்டம். புழு சீக்கிரம் செத்தாலும் தனக்கு நட்டம். எதிராளியை அடிக்கிற ரகம் அதிகமாகப் பெருகுகிறது, அடுத்த புழுவுக்கும் போகிறது. புழு பிழைப்பது இந்தச் சண்டையின் உபரி. 'நன்மை செய்யும் பாக்டீரியா' என்ற பேச்சை உங்கள் கருத்தரங்கில் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். அந்தப் பேச்சில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

இப்போது மாரெக். அதே ஆண்டில் அதே குழுவினர், முதல் ஆசிரியர் ஃபோர்ட், இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். இந்த முறை கவனம் ஸ்டஃபைலோகாக்கஸ் மேல்: ஃபீகாலிஸ் இருக்கும் புழுவில் பரிணமிக்கும்போது அது என்ன ஆகிறது? நீங்கள் படித்தது இதைத்தான். வீரியம் குறைந்தது. ஏன் குறைந்தது என்பதில்தான் சுவை.

இரும்பு இல்லாமல் பாக்டீரியா வளர முடியாது. உடம்புக்குள் இரும்பு சும்மா கிடைக்காது. அதனால் ஸ்டஃபைலோகாக்கஸ் சிடெரோஃபோர் என்ற மூலக்கூறுகளைச் செய்து வெளியே விடும். அவை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே விடுகிற பொருள் என்பதால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது: செய்யாதவனும் எடுத்துக்கொள்ளலாம். ஃபீகாலிஸ் அதைத்தான் செய்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் செலவழித்துச் செய்த சிடெரோஃபோரைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டது. போட்ட முதலை எதிராளி தின்கிறான் என்றால் எவ்வளவு நாள் முதல் போடுவது? குறைவாகச் செய்யும் ஸ்டஃபைலோகாக்கஸ்கள் தேர்வாயின. ஆனால் புழுவைச் சீக்கிரம் கொல்லும் திறனுக்கும் அந்த சிடெரோஃபோர்தான் ஒரு காரணம். அது குறைந்தபோது வீரியமும் குறைந்தது.

மாரெக்கோடு இதை ஒப்பிடுங்கள். கோழித் தடுப்பூசி, வைரஸ் கோழியைக் கொன்றால் தானும் ஒழியும் என்ற அபராதத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது. வீரியமாக இருப்பதன் லாபத்தில் கை வைக்கவில்லை. நட்டத்தை மட்டும் நீக்கியது. ஃபீகாலிஸ் அந்த லாபத்தையே திருடிவிட்டது. இரண்டையும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் விடை முரண்படுவது போலத் தெரிகிறது. ஆக, பாதுகாப்பு நோய்க்கிருமியைக் கொடியதாக்குமா என்று பொதுவாகக் கேட்டால் விடை வராது. அந்தப் பாதுகாப்பு எந்த வழியாக வேலை செய்கிறது, நோய்க்கிருமியின் வரவு செலவில் எந்த வரியை மாற்றுகிறது என்று கேட்டால் வரும்.

மூன்றாவது கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இங்கே உண்டு. அசுவினி வந்து எழுதட்டும்.

பச்சை அசுவினி:

கூப்பிட்டதற்கு நன்றி தட்டுக்கழுவி. நான் பூச்சியியல் பக்கம். செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியும் அதன் எதிரிக் குளவியும்தான் என் பிழைப்பு.

பட்டாணி அசுவினிக்குள் ஹாமில்டனெல்லா டிஃபென்சா என்ற பாக்டீரியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும். ஏஃபிடியஸ் எர்வி என்ற குளவி அசுவினிக்குள் முட்டை போடும். குளவிப்புழு உள்ளே இருந்தே தின்று வளரும். கடைசியில் அசுவினி உப்பி, காய்ந்து, இலையில் ஒட்டிய பழுப்பு நிறக் கூடாகிவிடும். அதற்கு நாங்கள் மம்மி என்றே சொல்வோம். குளவி வெளியேறிய மம்மியின் முதுகில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கும். ஹாமில்டனெல்லா இருக்கும் அசுவினிகளில் பெரும்பாலும் இது நடக்காது. குளவிப்புழு பாதியிலேயே செத்துப்போகும், அசுவினி தொடர்ந்து குஞ்சு போடும். ஆலிவர், மோரன், ஹன்டர் ஆகியோர் 2003இல் இதைக் காட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் குளவிப்புழுவைக் கொல்லும் நஞ்சு ஹாமில்டனெல்லாவின் சொந்தச் சரக்கு இல்லை. அதற்குள் ஏப்ஸ் என்ற ஃபேஜ், அதாவது பாக்டீரியாவில் வாழும் வைரஸ், இருக்கிறது. நஞ்சு மரபணுக்கள் அந்த ஃபேஜில். ஃபேஜ் தொலைந்தால் காவல் போச்சு. 2009இல் அதையும் சோதித்துவிட்டார்கள். அசுவினிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ், வெளியே குளவி. இணைப் பரிணாமம் என்றால் இரண்டு பேர் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே நான்கு பேர்.

இப்போது உங்கள் கேள்வி: ஏன் எல்லாரிடமும் இல்லை? செலவு. கூண்டுகளில் குளவியோடு விட்டால் ஹாமில்டனெல்லா உள்ள அசுவினிகளின் பங்கு மளமளவென்று ஏறுகிறது. குளவியே இல்லாத கூண்டில் இறங்குகிறது. திருடனே வராத ஊரில் காவல்காரனுக்குச் சம்பளம் வீண்தானே. வெப்பம் ஏறினாலும் இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது, அது இன்னொரு தொல்லை.

எதிர்ப்பக்கமும் சும்மா இருப்பதில்லை. ஹாமில்டனெல்லா உள்ள அசுவினி என்று தெரிந்தால் ஏஃபிடியஸ் குளவி ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு போடுவதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு போட்டால் ஒன்று பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்புறம், கறுப்பு அவரை அசுவினியில் லைசிஃபிளீபஸ் என்ற வேறொரு குளவியை வைத்து கிறிஸ்டோஃப் ஃபோர்பர்கர் குழு செய்த வேலை. காவல் உள்ள அசுவினியை மட்டுமே கொடுத்து வளர்த்தால் சில தலைமுறைகளில் குளவி அந்தக் காவலை உடைக்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் எந்த ரக ஹாமில்டனெல்லாவோடு பழகியதோ அதை மட்டும்தான். வேறு ரகத்தை வைத்தால் திணறுகிறது. இதனால் ஒரே ரகம் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்குப் பரவலாக இருக்கும் ரகத்தைத்தான் குளவி குறிவைக்கும், அரிதான ரகத்துக்கு நாளை வாய்ப்பு. காவல் ஒரு தொகையில் (ஓரிடத்தில் சேர்ந்து வாழும் கூட்டத்தில்) பாதிப்பேரிடம் இருப்பதும், பல ரகமாக இருப்பதும் இப்படித்தான்.

எதிர்மாறான கதையும் ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் டிரசோஃபிலா நியோடெஸ்டேசியா என்று காளான் தின்னும் ஈ. ஹோவர்டுலா என்ற ஒட்டுண்ணி நூற்புழு பெண் ஈக்களை மலடாக்கிவிடும். ஸ்பைரோபிளாஸ்மா என்ற பாக்டீரியா உள்ளே இருந்தால் ஈ திரும்ப முட்டை போடும். ஜேனிக்கும் சகாக்களும் 2010இல் எழுதிய கணக்குப்படி, கிழக்குப் பகுதி ஈக்களில் 1980களில் சுமார் 10 சதவீதத்திடம் இருந்த பாக்டீரியா 2008க்குள் சுமார் 80 சதவீதத்துக்குப் போய்விட்டது. ஒரு மனித ஆயுளுக்குள் கண் முன்னால் நடந்த பரிணாமம். நோய் கடுமையாக இருந்தால் செலவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

மழைக்குருவி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தட்டுக்கழுவி சார், லாபத்தைத் திருடுவது, நட்டத்தைத் தள்ளுபடி செய்வது என்று பிரித்ததும் பாதிக் குழப்பம் போய்விட்டது.

இன்னும் ஒன்று கேட்கலாமா? காவல் வெளியிலிருந்து கிடைத்துவிட்டால் ஓம்புயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தி சோம்பேறியாகாதா? ஒரு நாள் அந்த பாக்டீரியா தொலைந்தால் என்ன ஆகும்? 'யாரை மாறவிடுவது, யாரை நிறுத்தி வைப்பது' என்பது பின்னால் தேவைப்படும் என்றீர்கள், அது எங்கே வருகிறது?

தட்டுக்கழுவி:

சார் எல்லாம் வேண்டாம், தட்டுக்கழுவி போதும்.

சோம்பேறித்தனம் பற்றி நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். பழ ஈ, டிரசோஃபிலா மெலனோகாஸ்டர். அதற்கு டிரசோஃபிலா சி வைரஸ் என்று ஒரு வைரஸ் வரும். பாஸ்ட்ரல் என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருந்தால் ஈ இந்த வைரஸை நன்றாகத் தாங்கும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ளே இருந்தாலும் தாங்கும். மார்ட்டினெஸும் சகாக்களும் 2016இல் செய்தது: ஈக்களின் சில தொகைகளில் வோல்பாக்கியாவை வைத்தார்கள், சிலவற்றில் இல்லை. எல்லாவற்றுக்கும் தலைமுறைதோறும் வைரஸ். வோல்பாக்கியா இல்லாத தொகைகளில் பாஸ்ட்ரலின் எதிர்ப்பு வடிவம் நன்றாக ஏறியது. இருந்தவற்றில் அந்த அளவு ஏறவில்லை. தீயது குறைவாகத் தீண்டினால் தேர்வு அழுத்தமும் குறைவு, அவ்வளவுதான். அந்த நிலையில் வோல்பாக்கியாவை நீக்கிப் பார்த்தால் அந்த ஈக்கள் மற்றவற்றைவிட வைரஸுக்கு எளிதாகப் பலியாகும். அந்தக் கட்டுரைத் தலைப்பே 'அடிமையாகிவிட்டதா?' என்று கேட்கும். எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்கும்.

இப்போது யாரை நிறுத்தி வைப்பது என்ற விஷயம். நான் முதலில் சொன்ன 2016 சோதனைகளில் புழு மாறாமல் இருந்தது. பாக்டீரியாக்கள் மட்டும்தான் ஓடின. அப்படிச் செய்தால்தான் யார் மாறியதால் என்ன நடந்தது என்று சொல்ல முடியும். அதற்காகக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியுலகில் யாரும் யாருக்காகவும் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். ரஃபாலுக்-மோரும் சகாக்களும் 2018இல் புழுவையும் ஃபீகாலிஸையும் சேர்த்து ஓடவிட்டார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் சூழ்ந்திருக்கும்போது இருவருக்கும் ஆதாயமாகவே அந்த உறவு போய் முடிந்தது. கொஞ்சம் கெடுதல் செய்துகொண்டிருந்த பாக்டீரியாதான், ஞாபகம் இருக்கட்டும்.

அதே குழு 2022இல் இன்னொரு படி போனது. புழுவும் ஸ்டஃபைலோகாக்கஸும் சேர்ந்து பரிணமிக்கின்றன. சில புழுத் தொகைகளில் காவலுக்கு ஃபீகாலிஸ் உண்டு, சிலவற்றில் இல்லை. காவல் இருந்த புழுக்கள் எதிர்ப்பைவிடச் சகிப்புத்தன்மையின் பக்கம் சாய்ந்தன: தொற்றினாலும் சாகாமல் தாக்குப்பிடிப்பது. ஸ்டஃபைலோகாக்கஸும் அந்தக் காவலுக்கு ஏற்றபடி பழகிக்கொண்டது. இங்கே உங்கள் மாரெக் பயம் திரும்பவும் தலைகாட்டுகிறது, பாருங்கள். சாகாமல் தாங்கும் ஓம்புயிர் என்றால் நட்டம் தள்ளுபடி. எனவே 2016இன் 'வீரியம் குறைந்தது' என்பதை எடுத்து எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் செய்முறைப் பகுதியைத் திறந்து, யாரெல்லாம் உறைபெட்டியிலிருந்து வந்தார்கள், யாரெல்லாம் முந்தைய தலைமுறையிலிருந்து வந்தார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடும். கேள்வி கேட்கிற பேராசிரியர்களும் அங்கேதான் பிடிப்பார்கள்.

சும்மா ஒருவன்:

எல்லாம் புழு, ஈ, அசுவினி. மனிதனுக்கு வாருங்கள் ஐயா. நல்ல பாக்டீரியா மாத்திரை என்று விற்கிறார்களே, அதை வாங்கி விழுங்கினால் காவல் வந்துவிடுமா?

தட்டுக்கழுவி:

விளம்பரம் பார்த்து விழுங்க வேண்டாம். மருந்து விஷயம் மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மேலே புழுவைக் காத்த எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ், நம் குடலில் சாதாரணமாக இருப்பதுதான். ஆனால் மருத்துவமனைகளில் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் இதய வால்வுத் தொற்றும் தருகிற கிருமிகளில் அதுவும் ஒன்று. இடம் மாறினால் குணம் மாறும்.

குடல் பாக்டீரியா காவல் செய்கிறது என்பது புதுச் செய்தியும் இல்லை. 1950களில் பான்ஹாஃபும் மில்லரும் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைக் கொடுத்துக் குடலைத் துடைத்துவிட்டு சால்மொனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிக்குத் தொற்ற சுமார் 1,00,000 பாக்டீரியா வேண்டியிருந்தது. மருந்து தின்ற எலிக்குப் பத்துக்கும் குறைவாகவே போதுமாக இருந்தது. மனிதரில், திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் வயிற்றுப்போக்குக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து குடல் பாக்டீரியாவை மாற்றிக் கொடுத்த சோதனை நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியானது. முதல் முறையிலேயே 16 பேரில் 13 பேருக்குக் குணமானது. வான்கோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேருக்கு. அங்கே கொடுத்தது ஒரு முழுச் சமூகம். மாத்திரையில் இருப்பது ஒன்றோ சிலவோ.

பச்சை அசுவினி:

மனிதருக்கு இந்தக் கதை கொசு வழியாகவும் வருகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்குள் பழ ஈயின் வோல்பாக்கியாவை ஏற்றிவிட்டால் வைரஸ் அதற்குள் சரியாகப் பெருக முடியாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் மட்டும் அந்தக் கொசுக்களை விட்டார்கள். டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021இல் வெளியான முடிவு. பரிணாமக் கோணத்தில் இதில் பார்க்க வேண்டியது, இந்த பாக்டீரியா பரவுவதற்குக் காவல் வேலை தேவையே இல்லை என்பதுதான். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அந்தத் தந்திரத்தாலேயே அது தொகை முழுக்கப் பரவிவிடும். கொசுவுக்கு டெங்குவால் பெரிய நட்டமும் இல்லை. சண்டையின் உபரி என்று தட்டுக்கழுவி சொன்னதை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

மழைக்குருவி:

கடைசியாக ஒன்று, அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன். குளவி உடைத்துவிடுகிறது, ஸ்டஃபைலோகாக்கஸ் பழகிக்கொள்கிறது. எதிரி உடைக்காமலே விட்ட காவல் ஏதாவது உண்டா?

தட்டுக்கழுவி:

உண்டு, அழகான ஒன்று. தேனீக்களைப் பிடித்து நிலத்தடிக் கூட்டில் குஞ்சுக்கு வைக்கும் தேனீவேட்டைக் குளவி, ஃபிலாந்தஸ். தாய்க்குளவியின் உணர்கொம்பில் சிறப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாவை வளர்க்கிறது. குஞ்சு அறையின் கூரையில் வெள்ளையாக அதைப் பூசிவிட்டுப் போகும். குஞ்சு அதை எடுத்துத் தன் கூட்டுப்புழு உறையின் பட்டில் சேர்த்துக்கொள்ளும். ஈரமான மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்தாலும் பூஞ்சை அண்டாது. கால்டென்போத் குழுவினர் 2010இல் பார்த்தபோது அந்த உறையில் ஒன்பது வெவ்வேறு எதிர்நுண்ணுயிர்ப் பொருட்கள் இருந்தன. அவர்களே பின்னால் போட்ட கணக்கில் இந்த உறவு தொடங்கி சுமார் 6.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நாம் பெனிசிலினைக் கையில் எடுத்து நூறாண்டு கூட ஆகவில்லை, அதற்குள் திண்டாடுகிறோம்.

பல மருந்துகளின் கலவை என்பதால் எதிர்ப்பு உருவாவது கடினம் என்பது ஒரு காரணம். ஆனால் எனக்கு இன்னொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. அசுவினியைத் தின்னும் குளவிக்கு அசுவினியை விட்டால் போக்கிடமில்லை. காவலை உடைத்தால்தான் வம்சம். தேனீவேட்டைக் குளவியின் கூட்டைக் கெடுக்கும் பூஞ்சை மண்ணில் எதையும் தின்று பிழைக்கும் சாதாரணப் பூஞ்சை. இந்த ஒரு கதவு பூட்டியிருந்தால் அடுத்ததுக்குப் போய்விடும். உடைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அதற்கு இல்லை.

உங்கள் கருத்தரங்கில் அசுவினிப் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கம் பக்கமாகப் போடுங்கள். கீழே ஒரே ஒரு வரி: இந்த எதிரிக்கு இந்த ஓம்புயிர் இல்லாமல் முடியுமா, முடியாதா? மாரெக்கைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கட்டாயம் கேட்பார்கள்.